சுவரில் ஏறிய மிளகு

போன வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம். சாப்பாட்டுக் கடை முடிந்து, சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு, கூடத்தில் சற்றுத் தலை சாய்க்கலாம் என்று பாயை விரித்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்து ரசப் பொடிக்கு மிளகு ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், “ஏண்டிம்மா, மிளகு சுவரில் ஏறுமோ?” என்று கேட்டார்.

கண்ணில் புரை எடுத்துக்கொண்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஏதோ தோற்றம் என்று நினைத்து, “ஏறாது அம்மா” என்றேன்.

“அப்படியானால் இது என்ன?” என்று காலண்டருக்குப் பக்கத்தில் கையைக் காட்டினார்.

பார்த்தேன். நாலைந்து மிளகுகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் உத்தரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. காலண்டரைத் தூக்கினேன். அதன் பின்னால் இன்னும் இருபது இருக்கும். அன்று மத்தியானத் தூக்கம் போயிற்று. அதற்குப் பிறகு பல நாள் இராத் தூக்கமும் போயிற்று.

நாய் வளர்க்கும் வீட்டுச் சகோதரிகளுக்கு இதற்குள் விஷயம் விளங்கியிருக்கும். அவை மிளகல்ல, உண்ணிகள்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. ஜாதி நாய் ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மழை நாளில் என் பையன் சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்த தெருக்குட்டி. வாசலில் சாக்கில் படுக்கட்டும் என்று ஆரம்பித்து, திண்ணை, ரேழி, கூடம் என்று முன்னேறி, இப்போது என் மாமியாரின் காலடியில் படுத்துக்கொள்ளும் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. அதற்கு உண்ணி வந்தது எனக்குத் தெரியாததல்ல. தினமும் காலையில் காபி ஆனதும், ஒரு கொட்டாங்கச்சியில் சோப்பு நீரை வைத்துக்கொண்டு, மணியை மடியில் கிடத்தி, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவேன். இருபது, முப்பது என்று கணக்குக்கூட வைத்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை! “நம் மணியைப்போல் சுத்தமான நாய் இந்தத் தெருவிலேயே கிடையாது” என்று எதிர்வீட்டு மாமியிடம் சொல்லிக்கொள்வேன்.

மிளகு ஏறிய அதே வாரத்தில் மணி சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. வெயில் கடுமை, அதனால்தான் என்று மோர்ச்சாதம் பிசைந்து வைத்தேன். தொடவில்லை. மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் காலை கோலம் போட வாசலுக்கு வந்தேன். படியில் சொட்டுச் சொட்டாக ரத்தம். மணியின் மூக்கிலிருந்து வந்த ரத்தம்.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம். டாக்டர் ஒரு சின்னப் பெண். மணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, துவைத்த வெள்ளை வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. காய்ச்சல் வேறு. ரத்தம் எடுத்துச் சோதித்ததில், லட்சக்கணக்கில் இருக்க வேண்டிய தட்டணுக்கள் முப்பதாயிரத்துக்கு இறங்கியிருந்தன.

“உண்ணி உண்டா அம்மா?” என்று கேட்டாள்.

“உண்டு டாக்டர். ஆனால் நான் தினமும் ஒன்று விடாமல் எடுத்துவிடுகிறேன்” என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

“நாயின் மேல் இருப்பதை எடுத்தீர்கள். வீட்டில் இருப்பதை?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. காலண்டருக்குப் பின்னால் பார்த்தது நினைவுக்கு வந்தது.

அன்று அந்தப் பெண் சொன்னதையும், அதற்கு மேல் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன். உண்ணி பூச்சி இனமே இல்லையாம்! சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. நம் வீட்டு நாய்களைப் பிடிப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி என்ற ஒரே வகைதான். முட்டையிலிருந்து வரும்போது அதற்கு ஆறே கால். கடுகை நாலாகக் கிள்ளிய அளவு இருக்கும். நாயின் மேல் ஏறிச் சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுகிறது. சுவர் இடுக்கில் போய்ச் சட்டை உரித்து எட்டுக் காலோடு வருகிறது. மறுபடி ஏறுகிறது, குடிக்கிறது, விழுகிறது, இடுக்கில் ஒளிந்து சட்டை உரிக்கிறது. மூன்றாம் முறை பெரிய உண்ணியாக வந்து ஏறுகிறது. ஆக, அதன் ஆயுளில் மூன்று சாப்பாடுதான். சாப்பிட மட்டுமே நாயிடம் வருகிறது. மற்ற நாளெல்லாம் குடியிருப்பது நம் வீட்டில், வாடகை கொடுக்காமல்!

பெண் உண்ணி கடைசிச் சாப்பாட்டை ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் உட்கார்ந்து குடிக்கும். அப்போது அது வீங்கிச் சாம்பல் நிறத்தில் ஆமணக்குக் கொட்டைபோல் ஆகிவிடும். இந்த ஒற்றுமை நம் கண்ணுக்கு மட்டும் பட்டதல்ல. லத்தீன் மொழியில் உண்ணிக்கு ‘ரிசினஸ்’ என்று பெயர். ஆமணக்குச் செடிக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரும் அதுவே. இந்தக் கொட்டை கீழே விழுந்து, ஒரு இடுக்கைப் பார்த்து ஒதுங்கி, சுமார் நாலாயிரம் முட்டை இடுகிறது. இட்டுவிட்டுச் செத்துப்போகிறது. நம் ஊர்ச் சூட்டில் முட்டை பொரிக்க இரண்டு மூன்று வாரம் போதும். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். நாய் கிடைக்காவிட்டாலும் கவலைப்படாது. வளர்ந்த உண்ணி ஒன்று, ஒரு சொட்டு ரத்தமில்லாமல் வருஷத்துக்கு மேல் காத்திருக்குமாம்.

நான் கொட்டாங்கச்சியில் முப்பது உண்ணியைப் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், என் கண்ணில் படாமல் நழுவிய ஒரே ஒரு ஆமணக்குக் கொட்டை நாலாயிரத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதேதான்.

மணிக்கு வந்த காய்ச்சலுக்கு எர்லிக்கியா என்று பெயர். உண்ணியின் எச்சிலோடு நாயின் ரத்தத்தில் இறங்கும் கிருமி. 1935-ல் அல்ஜீரியாவில் முதலில் கண்டுபிடித்தார்களாம். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும், சாப்பாடு பிடிக்காது, சோர்ந்து கிடக்கும். இதில் ஒரு மோசடி இருக்கிறது. வைத்தியம் பார்க்காமல் விட்டாலும் சில நாய்கள் தாமே தேறிவிட்டாற்போல் எழுந்து உட்காரும். கிருமி உள்ளே தங்கிவிடும். மாதங்களோ வருஷங்களோ கழித்து எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தையே அது கெடுத்துவிட்டால், பிறகு பெரிய டாக்டர்களாலும் அதிகம் செய்ய முடிவதில்லை.

இன்னொரு கிருமி பபீசியா. இது ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கிறது. சிறுநீர் காபி டிக்காஷன் நிறத்தில் போகும். கண்ணும் ஈறும் மஞ்சளிக்கும். இதில் கிப்ஸனி என்ற வகைக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பாட்டன் என்பவர் 1910-ல் அதை முதன்முதலாக விவரித்தது, ‘மெட்ராஸ் ஹண்ட்’ என்று வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த வேட்டை நாய்களின் ரத்தத்தில் பார்த்துத்தான். பிறகு நரியின் ரத்தத்திலும் அதைக் கண்டார். நம் ஊர் பெருமைப்பட வேண்டிய சமாசாரமா, தெரியவில்லை! எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரையை நாலு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். பபீசியாவுக்கு வைத்தியம் வேறு. ஆகவே பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி வந்து நம் நாய்க்குக் கொடுப்பது கூடாது. ரத்தம் பார்த்தாக வேண்டும். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது, அங்கே நாய் பூனைகளுக்கு வைத்தியசாலையும் உண்டு. நான் நாலு நாள் தள்ளிப்போட்டேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வந்திராது.

மணி வீட்டுக்குத் திரும்பிய அன்றே எங்கள் வீட்டில் ஒரு மகாநாடு நடந்தது. என் கணவர், “போதும் இந்த உபத்திரவம். நாயை மாம்பாக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம். நாய் போனால் உண்ணியும் போய்விடும்” என்றார். பையன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். என் மாமியார் ஒன்றும் பேசவில்லை. மணியின் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் டாக்டர் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சிரித்தாள். “நாய் போனால் உண்ணி போகாது அம்மா. பசியோடு சுவரிலேயே காத்திருக்கும். நாய் கிடைக்காவிட்டால் உங்களைத் தேடி வரும். நாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதைக்கொண்டே வீட்டைச் சுத்தம் பண்ணலாம்” என்றாள்.

அது எப்படி? இப்போது நாய்க்கு வாய்வழியே கொடுக்கும் மாத்திரைகள் வந்திருக்கின்றன. சிலது ஒரு மாதம் வேலை செய்யும். ஒருவகை மூன்று மாதம் வரை. மருந்து நாயின் ரத்தத்தில் இருக்கும். உண்ணி கடித்துக் குடிக்கிறது. ஒரு நாள், இரண்டு நாளுக்குள் செத்து உதிர்கிறது. முட்டை இடுவதற்கு அது திரும்பிப் போவதில்லை. சுவரிலிருந்து பசியோடு இறங்கி வருகிற ஒவ்வொன்றும் இப்படியே ஒழிகிறது. “மாத்திரை கொடுத்த பிறகும் நாய் மேல் உண்ணியைப் பார்த்தேனே, பணம் தண்டம்!” என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உண்ணி ஏறத்தான் செய்யும். ஏறினதுதான் சாகும்.

மாத்திரை நாயின் எடைக்குத் தக்கபடி இருக்க வேண்டும். நாயை நிறுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கைக்குட்டியாக இருந்தாலோ, நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுத்தின் பின்னால் சொட்டு விடும் மருந்தும், கழுத்துப் பட்டையும் உண்டு, அவையும் நல்லவைதான். எதுவானாலும் நாள் தவறக் கூடாது. அந்தக் காலண்டரிலேயே மாத்திரை நாளை சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டு வேலை இருக்கிறதே, அது தீபாவளிக்கு ஒட்டடை அடிப்பதைவிடக் கடினம். உண்ணிக்குக் கீழே இருக்கப் பிடிக்காது. மேலே மேலே ஏறும். நாம் தரையை மட்டும் மெழுகித் துடைத்துவிட்டு ஆயிற்று என்று இருந்துவிடுகிறோம். படங்களையெல்லாம் கழற்றி, பின்புறத்துக் காகிதத்தை உரித்துப் பாருங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே, ஜன்னல் சட்டத்தில், ஸ்விட்ச் பலகையின் ஓரத்தில், கட்டில் மூட்டில், கூரை மூலையில் டார்ச் விளக்கைப் பிடித்துத் தேடினோம். முட்டைக் குவியலை முதன்முதலில் பார்த்தபோது யாரோ கேழ்வரகைக் கொட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். தூசி உறிஞ்சும் யந்திரம் இருந்தால் நல்லது; வேலை முடிந்ததும் அதன் பையை உடனே கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி நடந்து வந்துவிடும். விரிசல்களை வெள்ளைச் சிமெண்டு குழைத்து அடைத்தோம். மணியின் பழைய சாக்கை எறிந்துவிட்டு, இரண்டு பருத்தி விரிப்புத் தைத்தேன். வாரம் ஒன்றாகக் கொதிநீரில் போட்டு, மொட்டை மாடி வெயிலில் காயவைக்கிறேன். ஆள் வைத்து மருந்து அடிப்பதானால் வீட்டில் நாய், பூனை, மீன் தொட்டி இருப்பதை முதலில் சொல்லுங்கள். மருந்து நன்றாக உலரும்வரை குழந்தைகளையும் அவற்றையும் உள்ளே விடாதீர்கள். ஒரு தடவை அடித்ததோடு விட்டால் பயனில்லை. முட்டையில் இருப்பது பிறகுதானே வெளியே வரும்? எங்களுக்குச் சரியாக மூன்றரை மாதம் ஆயிற்று.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்த ஒன்று.

முதலில் மணிக்கு என்று நான் கடையில் வாங்கியது ஒரு சொட்டு மருந்து. பெர்மெத்ரின் கலந்தது, நாய்க்கு என்றே போட்டிருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டதால் அதில் ஒரு குப்பி மீந்துபோயிற்று. எதிர்வீட்டு மாமி ஒரு பூனை வளர்த்தார். வெள்ளையும் மஞ்சளுமாக, பத்து வயசுக் கிழப் பூனை. அதற்குத் தெள்ளு உபத்திரவம் என்று மாமி சொன்னதும், “வீணாய்த்தானே போகிறது, இதைப் போட்டுப் பாருங்கள் மாமி” என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நாய்க்கு ஆவது பூனைக்கு ஆகாதா என்ன என்ற எண்ணம். அன்று சாயந்திரம் பூனையின் காது துடிக்க ஆரம்பித்தது. பிறகு உடம்பு முழுவதும் நடுங்கிற்று. குளிராக இருக்கும் என்று மாமி அதைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். விஷயம் என் காதுக்கு எட்டி, ஆட்டோ பிடித்துக்கொண்டு போவதற்குள் இரவு பத்து மணி. விடியற்காலையில் போய்விட்டது.

பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி இல்லையாம். நாய்க்கு நன்மை செய்யும் துளி பூனைக்கு நஞ்சு. யாராவது தெரியாமல் போட்டுவிட்டால், உடனே பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு அந்த இடத்தை நன்றாக அலசிவிட்டு, நடுக்கம் வருகிறதா என்று காத்திராமல் டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் போன பூனைகள் பிழைத்திருக்கின்றன. மாமி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் கறிவேப்பிலை வாங்க வருகிறார். வாசற்படியில் பூனைக்கு வைக்கிற பால் கிண்ணம் மட்டும் கவிழ்த்து வைத்திருக்கிறது. நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீடானால், நாய்க்கு என்ன மருந்து என்பதையும் பூனையை நினைத்துக்கொண்டே கேளுங்கள். தரை துடைக்கும் பினாயிலும், டெட்டாலும்கூடப் பூனைக்கு ஆகாது. நடந்துவிட்டுக் காலை நக்குமே!

கை வைத்தியம் சொல்ல எல்லோருக்கும் தெரிகிறது. மண்ணெண்ணெய் தடவினால் தோல் வெந்துபோகும். நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். பூண்டு கொடுத்தால் உண்ணி வராது என்கிறார்கள்; பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைக் கெடுப்பவை, பூனைக்கு இன்னும் மோசம். கற்பூரம், அந்துருண்டை இரண்டும் விஷம். வேப்பெண்ணெய் சற்று விரட்டும், ஆனால் நாலாயிரத்துக்கு அது எந்த மூலைக்கு? என் மாமியார் சிறு பெண்ணாக இருந்தபோது கிராமத்தில் கோழிகள் மாட்டின் மேலிருந்தும் கொட்டில் தரையிலிருந்தும் உண்ணியைக் கொத்தித் தின்றுவிடுமாம். அந்த யோசனையை நான் மறுப்பதற்கில்லை. மாம்பலத்து மூன்றாம் மாடியில் கோழிக்கு எங்கே போவது?

பிடுங்குவது என்றால் இப்படி: காதின் உள்மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், கக்கம், வால் அடி, இந்த இடங்களை முதலில் பாருங்கள். புருவம் திருத்தும் சாமணத்தால், தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப் பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நிதானமாக நேரே இழுக்க வேண்டும். வயிற்றை நசுக்கக் கூடாது. நெருப்புக் குச்சியால் சுடவும் கூடாது. துன்புறுத்தினால் அது உள்ளே இருப்பதைக் கடித்த இடத்திலேயே கக்கிவிடக்கூடும். எடுத்ததை ஸ்பிரிட்டில் போடுங்கள். நகத்தால் நசுக்கிச் சத்தம் கேட்டுச் சந்தோஷப்படும் வழக்கம் என்னிடமும் இருந்தது, விட்டுவிட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குழந்தையின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் எடுக்கும் விதம் இதுவே. பயந்து கத்த வேண்டாம். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ, தலைவலியோ, உடம்பில் சிவப்புத் தடிப்போ வந்தால், “உண்ணி கடித்தது டாக்டர்” என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் மனிதர்களுக்கும் உண்டு, அதற்கு மருந்தும் உண்டு; டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டும், அவ்வளவுதான். 1957-ல் ஷிமோகா ஜில்லாக் காட்டில் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சலைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். அது காட்டு உண்ணியின் வேலை. நம் காலண்டருக்குப் பின்னால் குடியிருப்பதல்ல.

தெரு நாய் ஒன்று வாசலுக்கு வருகிறது, மணியோடு சிநேகம், அதிலிருந்து மறுபடி தொற்றாதா என்று என் தங்கை கேட்டாள். தொற்றும். துரத்திப் பார்த்தோம், போகவில்லை. கடைசியில் டாக்டர் பெண்ணிடம் அதன் எடையை உத்தேசமாகச் சொல்லி, அதற்கும் ஒரு மாத்திரை வாங்கி, இட்லிக்குள் வைத்துக் கொடுத்தேன். முதல் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிற்று. இரண்டாவது இட்லியில் கொஞ்சம் நெய் தடவினேன். போயிற்று உள்ளே.